கட்டணம் மட்டுமா பிரசவச் செலவு?

“அரசாங்க மருத்துவமனையில் பிள்ளை பெற அப்படியென்ன பெரிய செலவு?” விடுதியில் ஒரு தோழி பேச்சுவாக்கில் கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நம் நாட்டுக் குடிமக்களுக்கு மூன்றாம் வகுப்புக் கட்டணம் மிகக் குறைவு. ஆனால், தோட்டத்தில் வளர்ந்த எனக்குச் சின்னம்மாவின் நினைவுதான் வந்தது.

நடுநிசியில் சின்னம்மாவுக்கு வலி எடுத்தது. சித்தப்பாவிடம் இருந்ததோ மோட்டார் சைக்கிள் மட்டும். அம்புலன்சை அழைக்கலாமென்றால் கைத்தொலைபேசிக்கு அலை எட்டவில்லை. பக்கத்து லயத்தில் கார் வைத்திருந்தவர் கேட்ட வாடகை சித்தப்பாவின் மூன்று நாள் சம்பளம். கடன் வாங்கிப் புறப்படுவதற்குள் விடிந்துவிட்டது. சின்னம்மா பிழைத்தார், குழந்தை பிழைக்கவில்லை. மருத்துவமனையில் கட்டிய பணம் கார் வாடகையில் பாதிகூட இல்லை.

ஏழைத் தாயைத் தடுப்பது பெரும்பாலும் மருத்துவமனைக் கட்டணம் அன்று. வண்டி வாடகையும் இழக்கும் கூலியுமே. தமிழ்நாடு இதை முன்பே உணர்ந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டம் 1987-இல் 300 ரூபாயுடன் தொடங்கியது. அத்தொகை 2006-இல் 6,000, 2011-இல் 12,000, 2018-இல் 18,000 ரூபாய் என உயர்ந்தது. கர்ப்பிணியின் சத்துணவுக்கும் இழந்த கூலிக்கும் ஈடாகப் பரிசோதனை, பிரசவம், தடுப்பூசி என்று கட்டம் கட்டமாகத் தாய்க்கே உதவி சேர்கிறது.

இங்கே 2023 ஜனவரி முதல் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால், குத்தகைக்காரரிடம் நாள்கூலிக்குச் செம்பனைப் பழம் பொறுக்கும் பெண், சம்பளச் சீட்டே இல்லாமல் அந்த உரிமையை எப்படிக் கேட்பாள்?

ஆண்டுதோறும் தோட்டப்புறப் பிள்ளைகளுக்குக் கல்வி முகாம் நடத்துகிறோம். அந்த முகாமில் ஒரு மாலைப் பொழுதைக் கர்ப்பிணிகளுக்கென ஒதுக்குவோம். அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் பதிந்துவிட்டார்களா, இரவில் வண்டி தரப்போவது யார் என்று கேட்டறிவோம். நம் ஆண்டு விருந்தில் ஒரு பகுதியைக் குறைத்து, ஒன்பதாம் மாதத்தில் வண்டி வாடகையைத் தாயின் கையிலேயே கொடுப்போம். பட்டம் பெற்று வேலையில் இருக்கும் அண்ணன்மாரும் அக்காமாரும் கைகொடுத்தால் ஒரு தோட்டத்திலாவது இவ்வாண்டே தொடங்கலாம்.

சின்னம்மாவிடம் அன்றிரவு அந்தப் பணம் இருந்திருந்தால், என் தம்பியோ தங்கையோ இந்நேரம் தமிழ்ப்பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும்.