துளை சிறிது, கவலை பெரிது

இந்த வாரம் நம் பிள்ளைகளின் சிறுநீரகத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். இதில் சம்பள விஷயம் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். வருகிறது, கடைசியில் சொல்கிறோம்.

பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழும், வாந்தி எடுக்கும். மறுநாள் பந்து விளையாடப் போய்விடும். நாமும் பூச்சி வலி என்று மருந்து கொடுப்போம், இல்லாவிட்டால் கண்ணேறு கழிப்போம். பல நேரம் அது சாதாரண வலிதான். ஆனால் அதே வலி விலாப்பக்கம் திரும்பத் திரும்ப வந்தாலோ, காய்ச்சலோடு சிறுநீர் எரிந்தாலோ, சிறுநீரில் ரத்தம் கலந்தாலோ சும்மா இருக்கக் கூடாது.

சில பிள்ளைகளுக்குச் சிறுநீரகத்திலிருந்து குழாய் இறங்குகிற வாய், பிறவியிலேயே குறுகி இருக்கும். லயத்துக் கால்வாய் அடைத்தால் பின்னால் தண்ணீர் தேங்குவதில்லையா? அதுபோலச் சிறுநீர் தேங்கிச் சிறுநீரகம் வீங்கும். கவனிக்காமல் விட்டால் நாளடைவில் அது கெட்டே போகலாம். வலி தராத சாதாரண ஸ்கேன் இந்த வீக்கத்தைக் காட்டிவிடும்.

வீக்கம் என்றதும் கத்திதான் என்று பயப்படாதீர்கள். கைக்குழந்தைகளில் பலருக்கு அது தானாகவே குறைகிறது, டாக்டர் அவ்வப்போது ஸ்கேன் எடுத்துப் பார்த்து வருவார். அடைப்பு முற்றினால்தான் அறுவை. குறுகிய பகுதியை வெட்டி நீக்கிவிட்டு, நல்ல பகுதிகளைச் சேர்த்துத் தைப்பார்கள். 1949-இல் பிரிட்டனில் ஆண்டர்சன், ஹைன்ஸ் என்ற இருவர் எழுதிவைத்த முறை இது.

அன்று விலாவைக் கீறித்தான் இதைச் செய்தார்கள். 1990-இல் அமெரிக்காவில் டாக்டர் கிளேமன் துளை வழியாகவே ஒரு சிறுநீரகத்தை எடுத்துக் காட்டினார். 1995-இல் பிள்ளைகளின் அடைப்பையும் துளை வழியே சரிசெய்த செய்தி மருத்துவ ஏட்டில் வந்தது. வயிற்றில் காற்றை நிரப்பி, மூன்று நான்கு சிறு துளைகள் போட்டு, ஒன்றில் கேமராவும் மற்றவற்றில் கருவிகளும் விடுகிறார்கள். துளை ஒவ்வொன்றும் அரை சென்டிமீட்டர் அளவுதான். வலி குறைவு, தழும்பு சிறிது, பிள்ளை சீக்கிரம் வீடு திரும்புகிறது.

உள்ளதைச் சொல்ல வேண்டும். இதற்கு நேரம் அதிகம் பிடிக்கும், கை தேர்ந்த நிபுணரும் வேண்டும். சின்னக் குழந்தைக்குப் பழைய முறையே ஏற்றது என்று டாக்டர் சொல்லலாம், அதில் தவறில்லை. இரண்டு முறையிலும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வெற்றிதான். உள்ளே வைக்கும் சிறு குழாயைச் சில வாரம் கழித்து எடுக்க மறக்காமல் திரும்பிப் போக வேண்டும். "என் பிள்ளைக்கு எது பொருத்தம், டாக்டர்?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இப்போது சம்பள விஷயத்துக்கு வருவோம். பிள்ளை கட்டிலில் கிடந்தால் அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருக்க வேண்டாமா? நமது 1955 வேலைச் சட்டம் தொழிலாளியின் நோய்க்கு வருஷத்தில் 14 முதல் 22 நாள் விடுப்புத் தருகிறது. தொழிலாளியே ஆஸ்பத்திரியில் தங்கினால் 60 நாள். 2023-இல் பேறுகால விடுப்பு 98 நாளானது, தகப்பனுக்கும் 7 நாள் வந்தது. நல்லது. ஆனால் பிள்ளையின் நோய்க்கென்று ஒரு நாள்கூட அதில் எழுதப்படவில்லை. வருஷ லீவைத்தான் கரைக்க வேண்டும். அதுவும் தீர்ந்தால் பெரட்டில் பெயர் விழாது, அன்றைய கூலியும் வராது. கூலி போகுமே என்று ஸ்கேனைத் தள்ளிப்போடும் வீடுகள் நமக்குத் தெரியும். தள்ளிப்போட்ட நாளில் சிறுநீரகம் காத்திருக்குமா?

அறுவை ஆஸ்பத்திரி நாளைச் சுருக்கிவிட்டது. மிச்ச நாளுக்கு முதலாளி சம்பளம் கொடுத்தால் குடியா முழுகிவிடும்? அடுத்த கூட்டு ஒப்பந்தத்தில் பிள்ளை நோய் விடுப்பு ஒரு கோரிக்கையாக ஏற வேண்டும். உங்கள் தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள், தீர்மானமாக எழுதி அனுப்புங்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், கேட்ட தொழிலாளிக்குத்தான் உரிமை கிடைக்கும்.