வீட்டுக் கணக்கு: பீரோவில் தூங்கும் கார்டுக்கும் சந்தா உண்டு!

‘முதல் வருஷம் இலவசம், மேடம்!’ என்று சொல்லித்தான் கிரெடிட் கார்டை நம் தலையில் கட்டுவார்கள். நாமும், அவசரத்துக்கு இருக்கட்டுமே என்று வாங்கி, புடவை மடிப்புக்குள் வைத்துவிடுவோம். இரண்டாம் வருஷம்தான் விஷயம் புரியும். கார்டு பீரோவை விட்டு வெளியே வராவிட்டாலும் வருஷச் சந்தா மட்டும் வந்துவிடும்!

சந்தா எவ்வளவு என்று ரிசர்வ் வங்கி நிர்ணயிப்பதில்லை. அந்தந்த வங்கியே கார்டுக்குத் தகுந்தபடி வைத்துக்கொள்கிறது. அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. 500 ரூபாய் சந்தா என்றால் பில்லில் 590 ஏறும். பெரும்பாலும் கார்டு கொடுத்த மாதத்திலிருந்துதான் வருஷக் கணக்கு.

எங்கள் எதிர் வீட்டுப் பெண் வீடு மாறியதில் பில் கைக்கு வரவில்லை. ஒரு தடவைகூடத் தேய்க்காத கார்டுக்குச் சந்தாவோடு தாமதக் கட்டணமும் வட்டியும் சேர்ந்துகொண்டன. பாக்கி நின்றால் நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போதும் அது குறுக்கே வரும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

‘வருஷத்தில் ஒரு லட்சம் செலவழித்தால் சந்தா தள்ளுபடி’ என்பார்கள். மளிகை, கரண்ட் பில், பள்ளிக் கட்டணம் என்று தானாகவே அவ்வளவு ஆகிறதா? சரி, லாபம்தான். ஆனால் 590 ரூபாயை மிச்சப்படுத்த, பத்தாயிரத்துக்கு வேண்டாத மிக்ஸி வாங்குவது என்ன கெட்டிக்காரத்தனம்? வாடகை, பெட்ரோல் செலவைச் சில வங்கிகள் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை, கேட்டுக்கொள்ளுங்கள்.

வேண்டாத கார்டைக் கத்தரித்துக் குப்பையில் போட்டால் கணக்கு முடிந்துவிடாது, சகோதரிகளே! 2022-இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதிகள் நமக்குத் துணை நிற்கின்றன:

1. பாக்கியைக் கட்டிவிட்டு ‘கார்டை முடித்துவிடுங்கள்’ என்று கேட்டால், 7 வேலை நாளில் முடித்துத் தர வேண்டும். தபாலில்தான் எழுத வேண்டும் என்று வங்கி வற்புறுத்தக் கூடாது.

2. பாக்கி இல்லாதபோது அதற்கு மேல் தாமதித்தால், நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி நமக்குத் தர வேண்டும்.

3. கட்டணத்தை உயர்த்துவதானால் ஒரு மாதம் முன்பே தெரிவிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் கார்டைத் திருப்பிவிடலாம்; அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

கார்டு வாங்கிய மாதத்தைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அதற்கு முந்தின மாதமே, ‘இது நமக்குத் தேவைதானா?’ என்று வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். அந்த 590 ரூபாய்க்குக் குழந்தைகளுக்கு எத்தனை நாள் பழம் வாங்கலாம், யோசியுங்கள்!