கண்ணீர் போதும், கணக்குக்கு வாருங்கள்

முதியோர் இல்லம் என்றதும் நம் சிறுகதையாளர்கள் கையிலெடுக்கும் வாய்ப்பாடு ஒன்றுண்டு. மகன் அயல்நாட்டில், மருமகள் கல்நெஞ்சக்காரி, தாய் ஜன்னலோரம். இறுதியில் ஒரு கடிதம், வாசகன் அழுகிறான், மகன் குற்றவாளி. எத்தனை கதைகள் படித்துவிட்டோம்! அவற்றில் ஒன்றிலேனும் அந்த இல்லத்தின் மாதக் கட்டணம் எவ்வளவு என்று எழுதப்பட்டிருக்கிறதா?

தனியே விட முடியாத நிலைக்கு வந்துவிட்ட என் தாயாருக்காக இடம் தேடியபோதுதான் இக்கேள்வி எனக்கு உறைத்தது. திருவொற்றியூர் தேரடியைத் தாண்டி அதிகம் வாழ்ந்தறியாதவர் அவர். தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்தோடு காலம் கழித்த தந்தையார் விட்டுச் சென்றது குடும்ப ஓய்வூதியம். 2014இல் குறைந்தபட்சமென்று நிர்ணயிக்கப்பட்ட ஆயிரம் ரூபாய். எனக்குக் காட்டப்பட்ட 'ஓய்வுக்கால குடியிருப்புகள்' எல்லாம் கோவையிலும் சென்னையின் தென்புறத்திலும் இருந்தன. வீட்டை விலைக்கு வாங்க வேண்டும், அல்லது பெருந்தொகையை வைப்பாகக் கட்ட வேண்டும். பராமரிப்புக்கு மாதாமாதம், சாப்பாட்டுக்குத் தனியே, செவிலிக்கு அதற்கும் தனியே. படுத்த படுக்கையாகிவிட்டால்? "அப்போ வேற இடம்தான் சார் பாக்கணும்."

வடசென்னையில் ஏன் இல்லை என்று கேட்டேன். சிரித்தார்கள். 2023 டிசம்பரில் எண்ணெய்ப் படலமும் அம்மோனியாக் கசிவும் ஒரே மாதத்தில் கண்டது எண்ணூர். நல்ல காற்றை விற்க முடியாத ஊரில் யார் கட்டுவார்கள்? நகரத்துக்கு மின்சாரமும் பெட்ரோலும் உரமும் தந்த மண்ணில் நுரையீரலைத் தேய்த்தவர்களுக்கு அங்கேயே முதுமை கழிக்க ஓர் அறை கிடையாது.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். பெற்றோரைக் கைவிடும் பிள்ளைக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அரசுக்கோ, மாவட்டத்துக்கு ஒன்றேனும், 150 ஆதரவற்ற முதியோர் தங்கும் இல்லம் 'அமைக்கலாம்'. பிள்ளைக்குக் கட்டளை, அரசுக்கு விருப்பம்! துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலியாக இருக்கும் மகனிடம் தீர்ப்பாயம் எதை வசூலிக்கும்?

இத்தனைக்கும் இந்த மண்ணுக்கு இது புதிதல்ல. 1782 பஞ்சத்தில் ராயபுரம் பக்கம் தொடங்கிய கஞ்சித்தொட்டிதான் மணியக்காரர் சத்திரமாயிற்று. அதன் மருத்துவமனையிலிருந்தே ஸ்டான்லி வளர்ந்தது. 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்ற பெயர் நெடுங்காலம் மக்கள் வாயில் இருந்தது. சத்திரம் பிற்காலத்தில் முதியோரின் புகலிடமாயிற்று. பசித்தவனிடம் 'உன் பிள்ளை எங்கே?' என்று கேட்டுவிட்டா அன்று கஞ்சி ஊற்றினார்கள்?

குடும்பம் சிதைந்துவிடும் என்று அஞ்சும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. குடும்பத்தைச் சிதைப்பது இல்லமன்று, தூரம். தேரடிக்கு நடந்துபோகும் தொலைவில், கூலிக்காரன் கட்டக்கூடிய தொகையில் ஓர் இல்லம் இருந்தால், மாலைதோறும் பேரப்பிள்ளை பாட்டியைப் பார்க்கும். கோவையில் இருந்தால் தீபாவளிக்குத்தான் பார்க்கும்.

சட்டத்தின் 'அமைக்கலாம்', 'அமைத்தே ஆக வேண்டும்' என்று மாற வேண்டும். அதைக் கேட்கும் முதற்குரல் எழுதுபவர்களுடையதாக இருக்கட்டும். அடுத்த முறை ஜன்னலோரத் தாயை எழுதுகிறவர், தயவுசெய்து, மகனின் சம்பளச் சீட்டையும் கதைக்குள் கொண்டுவரட்டும்.

என் தாயார் இன்னும் என்னோடுதான் இருக்கிறார். இதை என் பெருமையாக எண்ண வேண்டாம்; வேறு வழி கிடைக்கவில்லை. நான் வேலைக்குப் போகும் பகல்பொழுதில் பக்கத்து வீட்டுப் பெண்மணி எட்டிப் பார்த்துக்கொள்கிறார். அவருக்கு வயது அறுபத்தெட்டு.