பேஸ் கிதாரைத் தட்டலாமா?

மெல்லிசை மேடைகளில் பேஸ் கிதார் வாசிப்போரிடையே ஒரு சச்சரவு நெடுநாளாக நடந்து வருகிறது. கம்பியை விரல் நுனியால் மீட்டுவது மட்டும்தான் முறையா, அல்லது கட்டை விரலால் ஓங்கித் தட்டியும் ஆள்காட்டி விரலால் இழுத்துச் சுண்டியும் வாசிக்கலாமா என்பதே அது. ‘ஸ்லாப்’ என்று பெயர் பெற்ற இந்த முறையை மூத்த கலைஞர்கள் பலர் வெறுக்கிறார்கள். ‘பையன் வாசிக்கவில்லை, அடிக்கிறான்’ என்பது அவர்கள் தீர்ப்பு. இளைஞர்களோ, ஸ்லாப் தெரியாதவர் பேஸ் கலைஞரே அல்லர் என்கிறார்கள். பாட்டுக் கச்சேரி நடக்கும் ஊரெல்லாம் உள்ள இந்த வாதத்துக்கு வண்டிப்பெரியார் வட்டாரமும் விலக்கல்ல.

வாசகரில் சிலருக்கு பேஸ் கிதார் எது என்பதிலேயே ஐயம் இருக்கலாம். நீண்ட கழுத்தும், பெரும்பாலும் நான்கே தடித்த கம்பிகளும் உடைய கிதார் அது. சாதாரண கிதாரைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் சிலீப்பர் கட்டையை நின்று ரசிப்பவர் எவரும் இல்லை. ஆனால் அதை உருவிவிட்டால் வண்டி ஓடாது. மேடையில் பேஸ் கலைஞரின் நிலையும் அதுவே. பாடுபவருக்கும் தாளத்துக்கும் நடுவே நின்று இரண்டையும் சேர்த்துக் கட்டுபவர் அவர். கைதட்டல் மட்டும் அவரிடம் வந்து சேர்வதில்லை.

இந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளத்தான் இளைஞர்கள் தட்டத் தொடங்குகிறார்கள் என்று மூத்தவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் ஸ்லாப் பிறந்த கதை வேறு. அமெரிக்காவில் லாரி கிரஹாம் என்ற இளைஞர் தம் தாயாரின் சிறிய குழுவில் பேஸ் வாசித்து வந்தார். குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர் இல்லாமற் போயிற்று. பெரிய டிரம்மின் அடிக்குப் பதிலாகக் கம்பியைக் கட்டை விரலால் தட்டினார். சிறிய டிரம்மின் ஓசைக்குப் பதிலாக இன்னொரு கம்பியைச் சுண்டினார். பின்னர் ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன் குழுவில் அவர் இதை வாசித்தபோது, 1969 முதல் உலகம் முழுவதும் பரவிற்று. அதற்கு முன்பே நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில், ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், ஆளுயர டபுள் பேஸின் கம்பியை இழுத்து அறைந்து வாசித்தவர்கள் இருந்தனர். பித்தளை வாத்தியங்களின் இரைச்சலில் தங்கள் ஒலியும் கேட்க வேண்டுமே! ஆக, ஆடம்பரத்துக்காக வந்த வழக்கமன்று இது, தேவையினால் வந்தது.

மறுபக்கத்துக்கும் வலுவான சாட்சி உண்டு. டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் கம்பெனியின் எண்ணற்ற பாட்டுகளுக்கு உயிர் கொடுத்த ஜேம்ஸ் ஜேமர்சன் (1936–1983), வலக்கை ஆள்காட்டி விரல் ஒன்றையே கொண்டு மீட்டியவர். கம்பி அறுந்தாலொழிய மாற்றமாட்டார் என்பது பிரசித்தம். ஸ்லாப்புக்கே பேர்போன ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் குழுவின் ஃப்ளீ என்பவரும் 1991ஆம் ஆண்டு வெளியான இசைத்தட்டில் வேண்டுமென்றே அதைக் குறைத்துக்கொண்டு எளிமையாக வாசித்தார். தட்டத் தெரிந்தவருக்கே தட்டாமல் இருக்கும் இடமும் தெரியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மலைப்பகுதி மேடைக்கென்று தனிச் சங்கடங்களும் உண்டு. திருவிழாக்களில் மரத்தில் கட்டும் குழாய் ஒலிபெருக்கியில் பேச்சு நன்றாகக் கேட்கும். பேஸின் அடிநாதம் வெளியே வராது. அத்தகைய மேடையில் நாள் முழுதும் விரலால் மீட்டினாலும், வாசித்தவருக்கே தாம் வாசித்தது கேட்பதில்லை. ஸ்லாப்பில் எழும் ‘டக்’ என்ற கூர்மையான ஓசையாவது கூட்டத்தை எட்டும். அதே வேளையில், ஸ்லாப்புக்குக் கம்பி புதிதாக, பளிச்சென்று ஒலிக்க வேண்டும். மழையும் மூடுபனியும் விடாத பெரியாற்றங்கரை ஊரில் கம்பி சீக்கிரம் துருவேறி மங்கிவிடும். அடிக்கடி மாற்றுவதற்கு ஆகும் பணம், கொழுந்து பறிக்கும் குடும்பத்துக்குச் சிறிய தொகையன்று. இரு தரப்பாரும் தங்கள் ரசனை என்று சொல்வதில் பாதி, கைக்கு எட்டிய வசதியைப் பொறுத்தது என்றால் தவறாகாது.

‘அடிப்பது’ என்ற சொல்லை இழிவாக எடுத்துக்கொள்வதும் பொருந்தாது. தவிலின் ஒரு பக்கம் குச்சியாலும், மறுபக்கம் கூடு மாட்டிய விரல்களாலும் வாசிக்கப்படுகிறது. அதை மங்கல வாத்தியம் என்கிறோம். தோட்டத்து மாரியம்மன் விழாவில் தப்பு ஒலிக்காமல் தேர் நகருமா? தோலை அடித்தால் கீழ், கம்பியை மீட்டினால் மேல் என்ற பழைய பாகுபாடு, கிதார் வரைக்கும் வந்து உட்கார வேண்டியதில்லை.

அப்படியானால் எங்கே தட்டலாம், எங்கே கூடாது? இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டாம். பாலக்காடு வரை போனால் போதும். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் (1912–1981) தனி ஆவர்த்தனத்தில் சபையை அதிர வைத்தவர். ஆனால் பாட்டு நடக்கும்போது பாட்டுக்கென்றே வாசித்தவர். எங்கே கையை எடுக்க வேண்டும் என்று அறிந்தவர். ஸ்லாப்பும் தனி ஆவர்த்தனம் போன்றது. ஆட்டப் பாட்டில் அது களை கட்டும். தாலாட்டிலும் சோகப் பாட்டிலும் தட்டினால், பந்தியில் ரசம் கேட்டவருக்கு ஊறுகாயை அள்ளி வைத்தது போலாகும்.

பாட்டுக்குள் பேஸ் எவ்வளவு பேசலாம் என்பதற்கு மலைக்கு அடிவாரத்திலேயே ஆசான் இருக்கிறார். பாவலர் வரதராஜன் 1958ஆம் ஆண்டு தேவிகுளம் இடைத்தேர்தலின்போது தோட்டத் தொழிலாளர் நடுவே பாடிய பாட்டுகள் அக்காலத்தில் பெரிதும் பேசப்பட்டன. அவர் குழுவில் இளவயதிலேயே சேர்ந்த தம்பி பண்ணைப்புரத்து இளையராஜா, 1976இல் ‘அன்னக்கிளி’ மூலம் திரைக்கு வந்த பிறகு, பேஸ் கிதாருக்கென்று தனியாக ஸ்வரம் எழுதிக் கொடுத்தார். சசிதரன் போன்றோர் வாசித்த அந்தப் பகுதிகளை, பாட்டை நிறுத்திவிட்டுத் தனியே முணுமுணுப்பவர்கள் இன்றும் உண்டு. 1980இல் வந்த ‘மூடுபனி’ படப் பாடல்களைக் கேட்டால் இது விளங்கும். இன்று இளைஞர்கள் கொண்டாடும் மும்பை மோகினி டேயும், சிறு வயதில் தந்தையிடம் முறையாகக் கற்ற பிறகே ஏ.ஆர்.ரஹ்மானின் மேடைக்கு வந்தார். அவருடைய கட்டை விரலின் வேகத்தை மட்டும் பார்த்து, அதற்குப் பின்னால் இருக்கும் சாதகத்தைப் பார்க்காமல் விடுவது பிழை.

இவ்வளவும் சொன்ன பிறகு, சச்சரவு செய்வோர் இருவரும் கவனிக்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேடையில் பேஸ் கலைஞருக்கு இடமே குறைந்து வருகிறது. கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் தாளமும் பேஸும் தாமாகவே ஓடுகின்றன. அதுவும் வேண்டாமென்று, பதிவு செய்த இசையைப் போட்டுவிட்டுப் பாடகர் மட்டும் பாடும் கச்சேரிகள் பெருகிவிட்டன. 2000ஆம் ஆண்டையொட்டிப் பீர்மேடு வட்டாரத்தில் தேயிலைத் தோட்டங்கள் பல மூடப்பட்டு, லயங்களில் பட்டினி புகுந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. பிழைப்புத் தேடி இளைஞர்கள் வெளியூர் போனபின், மிஞ்சியிருக்கும் ஓரிரு வாத்தியக்காரர்களையும் இயந்திரம் வீட்டுக்கு அனுப்புகிறது. அன்று டிரம்ஸ்காரர் இல்லாத குறையை பேஸ்காரர் தம் கட்டை விரலால் நிரப்பினார். நாளை பேஸ்காரர் இல்லாத குறையை நிரப்ப எவர் விரல் இருக்கிறது?

ஆகவே மூத்த கலைஞர்கள் ‘அடிக்கிறான்’ என்று ஏசி இளைஞனை விரட்டுவது தங்கள் நாற்காலியைத் தாங்களே உடைப்பதாகும். முதலில் விரலால் தாளம் பிசகாமல் மீட்டக் கற்றுக்கொடுக்கட்டும்; பிறகு அவன் தட்டட்டும். இளைஞர்களும் ஒன்றை உணர வேண்டும்: ஒரு முழுப் பாட்டை நான்கே ஸ்வரத்தில் நிதானமாக வாசிக்க முடியாதவர், தட்டினாலும் நிற்கமாட்டார்.

விழாக் கமிட்டியாருக்கும் இதில் பொறுப்புண்டு. கச்சேரி பேசி முடிக்கும்போது, எத்தனை பாடகர் வருவார்கள் என்று கேட்பதோடு நிறுத்தாமல், பேஸ் வாசிக்க ஆள் உண்டா என்றும் கேட்க வேண்டும். அடிநாதம் கேட்கக்கூடிய பெட்டி ஒலிபெருக்கி ஒன்றை வாடகைக்கு எடுக்க வேண்டும். பந்தலுக்கும் வாணவேடிக்கைக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது பெரிதன்று. வருகிற திருவிழாவிலேயே இதைத் தொடங்கினால், தட்டலாமா கூடாதா என்ற வழக்கை நடத்துவதற்காவது ஊரில் இரண்டு பேஸ் கலைஞர்கள் மிஞ்சுவார்கள்.