பிள்ளையின் அறிவும் குசினி உப்பும்



மூன்று வயதாகியும் பிள்ளை பேசவில்லை, நடக்கப் பிந்துகிறது, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை என்றால் நமது குடும்பங்களில் முதலில் விசாரணைக்கு உள்ளாகுபவள் தாய்தான். "கிரகணத்தன்று வெளியே இறங்கினாயா?" என்று மாமி கேட்பார். "வயிற்றில் இருக்கும்போது எதைக் கண்டு பயந்தாய்?" என்று மதினி கேட்பார். அவள் வாழும் ஊரின் மண்ணைப் பற்றியோ, அங்கே பெய்யும் மழையைப் பற்றியோ, குசினியில் இருக்கும் உப்பைப் பற்றியோ எவரும் கேட்பதில்லை. இம்முறை அவற்றைக் கேட்டுப் பார்ப்போம்.

நமது கழுத்தின் முன்புறத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் தைரொயிட் என்றொரு சுரப்பி இருக்கிறது. உடல் வளர்வதற்கும் மூளை உருவாவதற்கும் தேவையான ஹோர்மோனை அதுவே சுரக்கிறது. அந்த ஹோர்மோனைச் செய்ய அதற்கு அயடீன் வேண்டும். எழுபது வருடம் வாழும் ஒருவருக்கு ஆயுள் முழுவதற்கும் தேவையான அயடீனை ஒன்றாகச் சேர்த்தால் ஒரு தேக்கரண்டிதான் வரும். ஆனால் அதை ஒரே நாளில் உண்டு தீர்த்துவிட முடியாது. உணவின் மூலம் சிறிது சிறிதாக, இடைவிடாமல் கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் சிசுவின் சுரப்பி வேலை செய்யத் தொடங்குவதில்லை. அதன் மூளை முழுக்க முழுக்கத் தாயின் ஹோர்மோனை நம்பியே உருவாகிறது. அந்த மாதங்களின் ஆரம்பத்தில் தான் கர்ப்பிணி என்பதே பல பெண்களுக்குத் தெரிவதில்லை! தாயிடம் அயடீன் மிகவும் குறைந்திருந்தால் கரு கலையலாம், பிள்ளை இறந்து பிறக்கலாம். பிறக்கும் பிள்ளை கேட்கவும் பேசவும் இயலாமல், உயரம் குன்றி, புத்தி வளர்ச்சி குன்றி இருக்கலாம். குறைபாடு சிறிதளவு என்றால் வெளியே ஒன்றும் தெரியாது. பிள்ளை ஓடும், ஆடும், சிரிக்கும். ஆனால் பாடம் மட்டும் ஏறாது. அதற்கு "மொக்கன்" என்று பெயர் வைத்துப் பின்வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். கருவில் நேர்ந்த இந்த இழப்பைப் பின்னர் எவ்வளவு அயடீன் கொடுத்தாலும் முழுமையாக ஈடு செய்ய முடியாது.

அயடீனின் களஞ்சியம் கடல். ஓயாது மழை பெய்யும் பிரதேசங்களிலும் மலைநாடுகளிலும் மேல்மண்ணில் உள்ள அயடீன் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. மண்ணில் இல்லாதது மரக்கறியிலும் இராது, அரிசியிலும் இராது. சுவிற்சர்லாந்தின் மலைக் கிராமங்களில் கழுத்துக் கழலையும் இத்தகைய ஊனங்களும் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்தன. அங்குள்ள அப்பென்செல் பகுதியில் எக்கன்பேகர் என்ற வைத்தியர் முன்னின்று முயன்றதால் 1922 இல் உப்பில் அயடீன் சேர்க்கும் வேலை தொடங்கியது. அதுவரை பரம்பரைச் சாபம் போலத் தோன்றியது, உப்பு மாறியதும் படிப்படியாக மறையத் தொடங்கியது.

நமது நாட்டிலும் கதை இதுதான். களுத்துறை மாவட்டம் என்றால் நமக்குப் பேருவளையும் தர்கா நகரும் நினைவுக்கு வரும். வாசலில் கடல், சட்டியில் மீன். ஆனால் 1986, 87 காலப்பகுதியில் பாடசாலைப் பிள்ளைகளின் கழுத்தைப் பரிசோதித்த ஆய்வில், நாடளாவிய ரீதியில் நூற்றுக்கு 19 பேரளவில் கழலை இருந்தபோது, களுத்துறை மாவட்டத்தில் அது 30 ஆக இருந்தது. பார்த்த மாவட்டங்களுள் அதுவே ஆகக் கூடியது. மாவட்டத்தின் உட்பகுதி மழை கொட்டும் நிலம் என்பதை மறக்கக் கூடாது. மீனைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். ஒரு சட்டி மீன் ஆணத்தில் நல்ல துண்டுகள் யாருக்குப் போகின்றன? ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும். கடைசியில் உட்காரும் கர்ப்பிணிக்கு மிஞ்சுவது பெரும்பாலும் ஆணம்தான்.

மனிதர் உண்ணும் உப்பில் அயடீன் கலந்திருக்க வேண்டும் என்ற சட்டம் இங்கு 1995 இல் நடைமுறைக்கு வந்தது. சட்டம் புத்தகத்தில் ஏறுவது வேறு, உப்புத் துகளில் ஏறுவது வேறு. 2000 ஆம் ஆண்டு ஆய்விலும் கழலை நூற்றுக்கு 20 ஐ ஒட்டியே இருந்தது. 2005 இல்தான் அது நான்குக்கும் கீழே இறங்கியது. எந்தத் தாயும் தன்னந்தனியாகச் செய்திருக்க முடியாத காரியம் இது.

ஆனால் உப்பளத்திலிருந்து வந்த அயடீனைக் குசினியில் தொலைக்க நம்மால் முடியும். கல் உப்பில் அழுக்கு இருக்கிறதென்று கழுவி, அந்தத் தண்ணீரை ஊற்றிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அயடீன் உப்புக் கல்லின் மேற்பரப்பில்தான் படிந்திருக்கும், முதல் தண்ணீரோடு அது போய்விடும். உப்புப் பாத்திரத்தை அடுப்புக்குப் பக்கத்தில் மூடாமல் வைத்தாலும் நட்டம்தான். மூடியுள்ள போத்தலில், ஈரமும் சூடும் படாத இடத்தில் வையுங்கள். கறி இறக்கப் போகும் நேரத்தில் உப்புப் போடுவது நல்லது. இதற்காக உப்பைக் கூட்ட வேண்டியதில்லை. ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்குள் நிற்பதே இரத்த அழுத்தத்துக்கு நல்லது, அயடீனுக்கும் அது போதும்.

2024 இன் இறுதியிலும் 2025 இலும் உப்புத் தட்டுப்பாடு வந்து இந்தியாவிலிருந்து இறக்குமதி செய்ய நேர்ந்தது. அப்படியான நாட்களில் கைக்குக் கிடைத்ததை வாங்கத்தான் தோன்றும். அப்போதும் பக்கற்றில் 'அயடீன் கலந்தது' என்று இருக்கிறதா எனப் பாருங்கள். இப்போது நாகரிகமாகிவிட்ட இளஞ்சிவப்பு உப்பு விலையில்தான் உயர்ந்தது. அயடீன் சேர்த்திருந்தாலன்றி அதை நம்பிக் கர்ப்பிணிக்குச் சமைக்க முடியாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஏற்கெனவே தைரொயிட் குறைவுக்கு மாத்திரை எடுக்கும் சகோதரிகளிற் சிலர், கர்ப்பம் என்று தெரிந்ததும் "பிள்ளைக்குக் கூடாது" என்று பயந்து அதை நிறுத்திவிடுகிறார்கள். வீட்டுப் பெரியவர்களும் அதற்கு உடன்படுகிறார்கள். இது பெரிய ஆபத்து. அந்த மாத்திரை பிள்ளையின் மூளைக்குத் தேவையான அதே ஹோர்மோன்தான். கர்ப்ப காலத்தில் பெரும்பாலும் அதன் அளவைக் கூட்டவே நேரிடும். ஆகவே நாள் தள்ளியவுடனேயே கிளினிக்குக்குப் போய்ச் சொல்லுங்கள். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை அதோடு சேர்த்து விழுங்க வேண்டாம், நான்கு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள்.

தாயிடம் அயடீன் குறையாக இல்லாவிட்டாலும், சில பிள்ளைகள் தைரொயிட் சுரப்பி சரியாக அமையாமலே பிறக்கின்றன. பிறந்த சில நாட்களுக்குள் குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து அதைக் கண்டுபிடிக்கலாம். முதல் இரண்டு வாரங்களுக்குள் மாத்திரை தொடங்கினால் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே வளரும். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புமுன் அந்த இரத்தம் எடுத்தாகிவிட்டதா என்று தாதியிடம் கேளுங்கள். பச்சைப் பிள்ளைக்கு ஏன் ஊசி என்று மூத்தும்மா தடுத்தால், எதற்கென்று அவருக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.