பொதிகையும் நம் சகோதரிகளும்

சேலையூர்வாசிகளுக்கு மலை என்றால் தாம்பரத்துப் பச்சைமலைதான். அதற்கு மேல் ஆசையுள்ளவர்கள் விடுமுறையில் உதகைக்கோ கொடைக்கானலுக்கோ மோட்டாரில் போய் வருகிறார்கள். ஆனால் காலால் நடந்தே காண வேண்டிய மலை ஒன்றும் தமிழருக்கு உண்டு. அதுதான் பொதிகை.

தமிழ் முனிவர் அகத்தியர் வாசம் செய்ததாக நம் முன்னோர் போற்றிய மலை அது. தாமிரபரணி பிறப்பதும் அம்மலைத் தொடரில்தான். அகத்தியமலைச் சிகரத்தின் உயரம் 6,000 அடிக்கு மேல். விசித்திரம் என்னவென்றால், தமிழ் முனிவரின் சிகரத்தில் ஏறக் கேரளம் வழியாகப் போக வேண்டியிருக்கிறது! தாம்பரத்தில் ரயிலேறித் திருவனந்தபுரத்தில் இறங்கி, போணக்காடு சென்று, அந்த ராஜ்யத்து வன இலாகாவின் அனுமதியுடன் நடக்க வேண்டும். ஜனவரியில் தொடங்கிச் சில வாரங்களே அனுமதி. முதல் நாள் அடர்ந்த கானகமும் ஓடைகளும் புல்வெளியும் கடந்து அதிருமலை முகாம். மறுநாள் கயிற்றைப் பற்றிப் பாறை ஏறினால் சிகரம்.

நெடுங்காலம் ஸ்திரீகளுக்குச் சிகரம் ஏற அனுமதி இல்லாதிருந்தது. 2018 நவம்பரில் கேரள ஹைகோர்ட் இந்தப் பேதம் கூடாதென்று தீர்ப்பளித்தது. 2019 ஜனவரியில் ஸ்ரீமதி தன்யா ஸனல், தீர்ப்புக்குப் பின் சிகரம் அடைந்த முதல் பெண்மணியானார்.

அங்கு வாழும் காணி மக்கள் இதற்காக மனம் வருந்தி, அமைதியாகத் தங்கள் ஆட்சேபத்தைத் தெரிவித்தார்கள். அகத்தியர் பிரமசாரி என்பது அவர்கள் நம்பிக்கை. புராணமோ லோபாமுத்திரையை அவருடைய பத்தினி என்கிறது. தீர்ப்பு நியாயமானதே என்பது நமது அபிப்பிராயம். ஆயினும், காணிகளை அலட்சியம் செய்வது நமக்கு அழகல்ல.

1987-ல் அம்மலைக் காட்டில் விஞ்ஞானிகள் சிலர் களைத்துப் போனபோது, வழிகாட்டிகளான காணிகள் ஏதோ ஒரு காய் தின்று சளைக்காமல் நடந்தார்கள். அது ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையின் காய். அந்த மூலிகையிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து பிறந்தது. ஆராய்ச்சி நிலையம் பெற்ற உரிமைத் தொகையில் பாதி காணிகளுக்கு என்று ஏற்பாடாயிற்று. பொதிகையின் ரகசியங்களை நம்மைவிட நன்கு அறிந்தவர்கள் அவர்களே.

எனவே, சேலையூரிலிருந்து தாயும் மகளுமாக யாரேனும் புறப்பட்டால், காணி வழிகாட்டியின் சொல்லுக்கு மரியாதை கொடுத்துப் பின்தொடரட்டும். காட்டில் குப்பை போடாமல் திரும்பட்டும். உரிமையோடு பணிவும் சேர்ந்து சென்றால், இந்த மனஸ்தாபமும் நாளடைவில் தீரும் என்று நம்புகிறோம்.