கணக்கில் வராத வாடகை

பொள்ளாச்சி மகாலிங்கபுரத்திலோ சூளேஸ்வரன்பட்டியிலோ கேட்டில் தொங்கும் ‘டு லெட்’ பலகையைப் பார்த்து போன் அடித்தால் பேச்சு அநேகமாக இப்படிப் போகும். “எத்தன பேருங்க? வேலை எங்கீங்க?” பிறகு தொகை: “எட்டாயிரமுங்க.” கோவையை நினைத்தால் மலிவு என்று மனசு குளிரும். அடுத்த மூச்சில் மீதியும் வரும்: “அட்வான்ஸ் எண்பதுங்க. கரண்டுக்கு சப் மீட்டர் இருக்குதுங்க. மோட்டாருக்குப் பங்கு வந்துருமுங்க.”

இந்த ஊரின் வாடகைக் குடும்பங்களைக் கடனில் தள்ளுவது அந்த அடுத்த மூச்சு. அதை யாரும் வாடகைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதால்தான் எச்சரிக்க வேண்டியிருக்கிறது.

எண்பதாயிரத்தை ரொக்கமாக வைத்திருப்பவர் எத்தனை பேர்? நகை அடகுக்குப் போகிறது. ஆண்டுக்குப் பத்து சதவீத வட்டி என்று வைத்தாலும் மாதம் 670 ரூபாய் அதற்கே போய்விடும். மின்சாரத்தில் இன்னொரு கூத்து. வீட்டு மின் இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். மூன்று போர்ஷனுக்கும் ஒரே இணைப்பு என்றால் மூன்று குடும்பத்துக்கும் சேர்த்து அதே 100 யூனிட்தான். பயன்பாடு கூடக் கூட யூனிட் விலையும் ஏறுகிறது. குடியிருப்பவரோ முதல் யூனிட்டிலிருந்தே வீட்டுக்காரர் சொல்லும் விலையைக் கொடுக்கிறார். இதெல்லாம் சேர்ந்தால் எட்டாயிரம் பத்தாயிரத்தைத் தொட்டுவிடுகிறது.

வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் வாடகை இருந்தால் தாங்கும் என்று ஒரு கணக்குப் புழங்குகிறது. அமெரிக்காவில் அரசுக் குடியிருப்புகளுக்கு 1969-இல் 25 சதவீதம் என்று போட்ட வரம்பு 1981-இல் 30 ஆக உயர்ந்தது. அதன் வழி வந்த கணக்கு இது. மாதச் சம்பளக்காரருக்குக் குத்துமதிப்பாக உதவும். தென்னை நார் மில் கூலிக்காரர் எந்த மாத வருமானத்தில் 30 சதவீதம் பார்ப்பது? ஆனி, ஆடிச் சாரலில் நார் காயாது. களத்தில் வேலை குறையும். வாடல் நோயும் வெள்ளை ஈயும் தாக்கிய தோப்புகளில் காய்ப்பு விழுந்தால், காய் போடுபவர் முதல் உரிப்பவர், வண்டி ஓட்டுபவர் வரை எல்லோர் கையும் வறளும். நல்ல மாதத்தில் 24,000 ரூபாய் வரும் வீட்டுக்கு எட்டாயிரம் மூன்றில் ஒரு பங்கு. வருமானம் 14,000-க்கு இறங்கிய மாதத்தில் அதே வாடகை பாதிக்கு மேல். கை வறண்ட மாதத்தை வைத்துத்தான் வீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நல்ல மாதத்தை வைத்து அட்வான்ஸ் கொடுத்தவர்தான் ஆடியில் வட்டிக்காரர் வாசலில் நிற்கிறார்.

மாத வாடகையே வேண்டாம் என்று போக்கியத்துக்குப் போகிறவர்களின் நிலை இன்னும் மோசமாகலாம். ஐந்து லட்சத்தை மொத்தமாகக் கொடுத்து, வெறும் முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு குடியேறுகிறார்கள். சொத்து மாற்றுச் சட்டப்படி நூறு ரூபாயோ அதற்கு மேலோ உள்ள போக்கிய அடமானம் பதிவாகாமல் செல்லாது. அந்த வீட்டின் மீது ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்து, தவணை தவறினால், 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தின்கீழ் வங்கி வீட்டை எடுக்க வரும். பணத்துக்கு வீட்டுக்காரரைத் தேடி அலைய வேண்டியதுதான். வில்லங்கச் சான்று பார்க்காமல் போக்கியத்துக்குப் பணம் கொடுப்பது துணிச்சலில் சேராது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு மாற்றாக, தமிழக அரசின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை ஆணையத்தில் பதிவாக வேண்டும். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. காலிசெய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, திருப்பித் தர வேண்டும். தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தி மிரட்டக்கூடாது. ஆனால் முன்பண வரம்புக்கு முன்னால் ‘வேறுவிதமாக உடன்பாடு இருந்தாலன்றி’ என்றொரு வால் ஒட்டியிருக்கிறது. பத்து மாத அட்வான்ஸ் அந்த வாலைப் பிடித்துத்தான் உள்ளே வருகிறது. சட்டம் வருவதற்கு முன்பே குடியிருப்பவர் எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை என்றால், அதையே காரணம் காட்டி வீட்டைக் காலிசெய்யக் கோரவும் இடமுண்டு. “நம்ம வீடு மாதிரிங்க, எழுத்தெல்லாம் எதுக்குங்க” என்று இருந்துவிட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வீட்டுக்காரரை வில்லனாக்கியும் பயனில்லை. மாடியில் கட்டிய ஒரு போர்ஷன் வாடகையில் மருந்து வாங்கும் முதியவர்களும் இதே தெருக்களில் இருக்கிறார்கள். 2022-இல் 601 முதல் 1,200 சதுர அடி வரையான வீடுகளுக்குச் சொத்து வரி 50 சதவீதம் ஏறியது அவர்கள் தலையிலும்தான் விழுந்தது. பதிவு செய்தால் வரி கூடுமோ என்ற பயமும் அவர்களுக்கு இருக்கிறது. அதை அரசுதான் தெளிவுபடுத்த வேண்டும்.

சட்டத்திலிருந்து அந்த வாலை நறுக்க வேண்டியது சட்டமன்றம். போர்ஷனுக்கொரு மின் இணைப்பு கேட்டு வருபவரை அலைக்கழிக்காமல் கொடுக்க வேண்டியது மின்வாரியம். இவற்றுக்குக் காலம் பிடிக்கலாம். பொள்ளாச்சி சார் ஆட்சியர் அலுவலகத்திலும் நகராட்சியிலும் ஒப்பந்தம் எழுதவும் பதியவும் உதவ இடத்துக்கொரு மேசை போடுவதற்குக் காலம் பிடிக்காது. ஆடியில் யாரும் குடி மாறமாட்டார்கள். ஆவணி பிறந்ததும் பால் பாத்திரத்தோடு புது வீடு தேடிக் கிளம்பிவிடுவார்கள். மேசை அதற்குள் வர வேண்டும்.